புள்ளிக்குப் பக்கத்துப் புழு

ஊதா மூன்று இன்றைக்கும் சாகவில்லை. தட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்ததும் தேன்மொழி தேடியது அதன் அசைவைத்தான். பாலாடை போலப் படர்ந்திருந்த தீனியின் ஓரத்தில் ஏழெட்டுப் புழுக்கள் கிடந்தன. மற்றத் தட்டுகளில் இந்நேரம் குஞ்சும் குளுவானுமாகக் கணக்கில்லாமல் நெளிந்துகொண்டிருக்கும். இங்கே விருந்தாளிகள் போய்விட்ட கல்யாண வீடு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும்தான். அதிலும் பாதி சும்மா படுத்துக் கிடந்தன. கம்பியால் வாலைத் தொட்டால் 'என்ன இப்போ?' என்று கேட்பதுபோல் தலையை மட்டும் அசைத்தன.

"இரு, இரு" என்று அவள் முணுமுணுத்தாள். புழுவிடம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. காலையில் எழுந்து கணவருக்குக் கஞ்சி வைத்து, மாத்திரைகளை எடுத்துக் கொடுத்து, செடெனாக்கிலிருந்து இஸ்கண்டார் புத்ரி வரைக்கும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே காடியை ஓட்டிக்கொண்டு வந்து சேரும்போதே அவளுக்குப் பாதி உயிர் போயிருக்கும். மிச்சப் பாதியை இந்தப் புழுக்கள் வாங்கிக்கொள்ளும்.

அவள் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லிக் கரையேற முடியாது. சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாள். முன்பு சேனாய் பக்கம் ஒரு ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப் வழியாகச் சின்னச் சின்னச் சில்லுகளில் கீறல் பார்க்கும் வேலை. அங்கே பழகிய கண்ணையும் நடுங்காத கையையும் நம்பித்தான் இந்த ஆராய்ச்சி நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். மண்ணில் கிடக்கிற புழு. ஒரு மில்லிமீட்டர் இருக்கும், உடம்பு கண்ணாடி. யாரையும் கடிக்காது, யாருக்கும் நோய் தராது. துணை தேட வேண்டிய தொல்லையும் கிடையாது; ஒற்றைப் புழுவே தானாகக் கருத்தரித்து முட்டை போட்டுக் குடும்பம் நடத்திவிடும். மூன்று நான்கு நாளில் ஒரு தலைமுறை ஓடிப்போகும். மனிதர்களில் கொள்ளுப்பேத்தி வரைக்கும் காத்திருந்து பார்க்க வேண்டியதை இங்கே இரண்டே வாரத்தில் பார்த்துவிடலாம்.

டாக்டர் ஷிரீன் பார்க்க விரும்பியதும் அதைத்தான். ஒட்டுப்பலகைப் பசையிலும் சில வகை வார்னிஷிலும் கலந்திருக்கும் ஒரு ரசாயன மருந்து புற்றுநோய் கொண்டுவரும் என்பது பழைய சங்கதி. ஆனால் அது உள்ளே போய் மரபணுவில் எந்த இடத்தில் கை வைக்கிறது, வைத்த கை எப்படிப்பட்ட தடத்தை விட்டுவிட்டுப் போகிறது என்பது சரியாகத் தெரியாது. தடம் தெரிந்துவிட்டால் நாளைக்கு ஒரு நோயாளியின் கட்டியில் அதே தடத்தைப் பார்த்து, 'இவன்தான் வந்துவிட்டுப் போயிருக்கிறான்' என்று சொல்ல வழி பிறக்கும். அதற்காகச் சில புழு வம்சங்களின் தீனியில் அந்த மருந்தைத் துளியூண்டு கலந்தார்கள். சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். எந்த நிற நாடா ஒட்டிய தட்டுக்கு எது என்று தேன்மொழிக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும் என்பார் டாக்டர். அவள் தட்டை மோந்துகூடப் பார்த்திருக்கிறாள். ஒரு வாடையும் இல்லை.

ஒரு விதி உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே ஒரு புழுவைத்தான் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். அந்த ஒன்றிலிருந்துதான் அடுத்த தலைமுறை. எதை எடுப்பது என்பது அவள் கையில் இல்லை. தட்டின் அடியில் முன்கூட்டியே மையால் ஒரு புள்ளி வைத்திருக்கும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எடுக்க வேண்டும். கொழுத்ததா, நோஞ்சானா, கோணல் வாலா, அதெல்லாம் பார்க்கக் கூடாது.

ஊதா மூன்றில் புள்ளிக்குப் பக்கத்தில் கிடந்தது ஒரு சப்பிப்போன புழு. வயிற்றில் முட்டை இருக்கிற மாதிரியே இல்லை. இதை எடுத்தால் அவ்வளவுதான், வம்சம் இன்றோடு தீர்ந்தது. கொஞ்சம் தள்ளி, தீனிக்குள் ஒன்று வளைந்து வளைந்து ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே வரிசையாக முட்டை தெரிந்தது.

தேன்மொழி கம்பியைச் சுடரில் காட்டி ஆறவிட்டாள். பிறகு கொஞ்சம் தள்ளியிருந்ததை எடுத்தாள். இப்படிச் செய்வது இது முதல் தடவை இல்லை.

---

வீட்டில் கணவர் மகேஸ்வரன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சிகிச்சைக்குப் பிறகு இடது காதில் ஓயாத இரைச்சல். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, கையும் கண்ணும் எட்டாத இடத்தில் வந்திருந்தது புற்று. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் கதிர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கட்டி சுருங்கிவிட்டது என்றார்கள். கூடவே மனுஷனும் சுருங்கிவிட்டார். வாயில் எச்சில் ஊறுவதில்லை. எதைத் தின்றாலும் மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது என்று சொல்லிக் கஞ்சியையும் தண்ணீர் குடித்துத்தான் இறக்குகிறார்.

"பசியாறினீங்களா?"

"ஆச்சு."

"பாதிக் கஞ்சி அப்படியே இருக்கே."

"மீதிப் பாதி ஆச்சுன்னேன்."

கிண்டல் மட்டும் குறையவில்லை. அதுவரைக்கும் நல்லது என்று அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் மூவாரில் ஒரு மரச்சாமான் ஃபேக்டரியில் வார்னிஷ் ஸ்பிரே அடித்தவர். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வருவார். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை என்று எது வந்தாலும் அவர் கை பட்டுத்தான் பளபளக்கும். கல்யாண வீடுகளில் ஆள் சேர்ந்தால் ஒரு கதை சொல்வார். "எங்க ஃபேக்டரியில இன்னிக்கி என்னா கலருன்னு யாரையும் கேக்க வேணாம். மூக்கைச் சிந்தினா தெரிஞ்சிடும். திங்க தேக்கு, செவ்வா செர்ரி, புதன் வால்நட்!" எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். தேன்மொழியும் சிரித்திருக்கிறாள். அவருடைய கைக்குட்டைகளைத் துவைத்தவளே அவள்தான், ஆனாலும் சிரித்தாள்.

நோய் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். திருஷ்டி என்றார் ஒருவர். வீட்டு வாசல் பார்த்திருக்கும் திசை சரியில்லை என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது மாமியார் ராசம்மாவின் கண்டுபிடிப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். புகை பிடிப்பீர்களா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, என்ன வேலை, கருவாடு அதிகம் சாப்பிடுவீர்களா என்று. கூட உட்கார்ந்திருந்த ராசம்மா அந்தக் கடைசிக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தேன்மொழியின் பிறந்த வீடு மெர்சிங். அவள் அண்ணன் வரும்போதெல்லாம் கருவாடு கொண்டுவருவார். மகேஸ்வரனுக்கு அது இருந்தால் போதும், வேறு கறியே வேண்டாம். அன்றிலிருந்து மூவாரில் யார் விசாரித்தாலும் மாமியார் சொல்வது ஒன்றே. "மெர்சிங் கருவாடுதான் எம்புள்ளய தின்னுடுச்சு."

அதைக் கேட்டாலே தேன்மொழிக்கு எரிச்சல். அதைவிட எரிச்சல், மகேஸ்வரன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லமாட்டார் என்பதுதான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஏங்க, அத்தன வருஷம் அந்த ஸ்பிரே ரூம்ல நின்னீங்க. டாக்டர் வேலையையுந்தானே கேட்டாரு? அது ஏன் உங்கம்மா காதுல ஏறல? உங்க வாயிலயும் வரல?"

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் காரணம் விளங்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அவருடைய தம்பி குணாளன் அதே ஃபேக்டரியில், அதே அறையில், அதே ஸ்பிரே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதலாளி தவுக்கேயிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவர் மகேஸ்வரன்தான். தொழிலையும் அவரே கற்றுக்கொடுத்தார். ஸ்பிரேதான் காரணம் என்று ஒத்துக்கொண்டால் அதோடு தம்பியையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவரிடம் தெம்பு இல்லை.

---

ஞாயிற்றுக்கிழமை குணாளன் வந்தான். வாசலில் காடி நிற்கும்போதே அவன் குரல் உள்ளே வந்துவிடும். அண்ணனைவிட ஒரு சுற்றுப் பெரிய உடம்பு, கருகருவென்று முடி, கன்னமெல்லாம் சிரிப்பு. கையில் மூவார் ஓத்தாக்-ஓத்தாக் பொட்டலம். மீனை அரைத்து மசாலா சேர்த்து ஓலையில் மடித்துச் சுட்டது. வாசனை கூடம் முழுக்கப் பரவியது. மகேஸ்வரனுக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. ஆனாலும் அவன் ஒவ்வொரு முறையும் வாங்கிவருவான். அவரும் ஒன்றைப் பிரித்துக் கையில் வைத்துக்கொள்வார்.

"அலமாக், என்னா அண்ணி இப்படி இளைச்சிட்டீங்க? உங்க புழுவெல்லாம் நல்லா சாப்பிடுதா? அதுங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு நீங்க பட்டினி கெடக்கறீங்களா?"

"அதுங்க உன்ன மாதிரி சாப்பிடாதுப்பா. கொஞ்சமாத்தான் சாப்பிடும்."

"நீங்க என்னைய கொண்டுபோயி அந்தக் கண்ணாடியில வச்சுப் பாருங்க. மெஷின் வெடிச்சிடும் லா."

மகேஸ்வரன் சிரித்தார். தம்பி வந்தால்தான் அவருக்கு இந்தச் சிரிப்பு வரும். அது தெரிந்ததால் தேன்மொழி அவன் வரவை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

சாப்பிட்டு முடிந்ததும் குணாளன் விஷயத்துக்கு வந்தான். "அண்ணே, தவுக்கே கூப்பிட்டுப் பேசினாரு. ஸ்பிரே ரூமுக்கு என்னைய மண்டோரா போடறாராம், ஆளுங்கள மேய்க்கிற மேஸ்திரி வேல. பழைய ஆளு வேலைய விட்டு நிக்கிறாரு. புதுசா ரெண்டு பங்களாதேஷ் பையனுங்க வர்றானுங்க, அவனுங்களுக்கும் நான்தான் சொல்லிக்கொடுக்கணும். அடுத்த திங்கக்கெழம சொல்றேன்னேன். உங்கள கேக்காம சரின்னு சொல்ல மனசு வரல."

"இதுல கேக்க என்னா இருக்கு" என்றார் மகேஸ்வரன். "எடுத்துக்க."

தேன்மொழி எடுத்த தட்டைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் யோசிச்சு சொல்லட்டுமே. அந்த ரூம்ல இன்னும் எத்தன வருஷம்..."

"அண்ணி, எனக்கென்னா? பாருங்க" என்று குணாளன் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான். "ஒரு நாளு காய்ச்சல்னு லீவு போட்டதில்ல."

"மாஸ்க் போடறியா?"

"குடுக்கறாங்க. அந்த வெக்கையில யாரு போடுவா? மூச்சு முட்டும்."

"அதான் பாரு தேனு" என்றார் மகேஸ்வரன். அவர் குரல் மூக்கில் அடைத்துக்கொண்டு வந்தது. "அந்த ஸ்பிரேதான்னா இவனுக்கும் ஏதாச்சும் இருக்கணும்ல? இவன் நல்லாத்தானே இருக்கான். எனக்கு வந்தது என் தலையெழுத்து. விடு."

அவர் அதைத் தேன்மொழியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் பாவம், யாரை நம்பவைக்கப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. குணாளன் கிளம்பும்போது வாசலில் நின்று, "புழு என்னா சொல்லுதுன்னு கேட்டு வையுங்க அண்ணி. பாஸா ஃபெயிலா?" என்று சிரித்துவிட்டுக் காடியில் ஏறினான். அவளுக்குச் சிரிக்க வரவில்லை. தான் என்ன படித்தவளா, தன்னிடம் ஒரு ஆதாரம் உண்டா, எதை வைத்துச் சொல்வது? ஊதா மூன்றை வைத்தா?

ஆனால் அவள் மனசுக்குள் ஊதா மூன்றை வைத்துத்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து குடித்த வம்சம் ஊதாதான் என்று அவள் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டாள். பார்த்தாலே தெரிகிறதே, அந்தச் சோர்வும் அந்தக் கிடையும். மஞ்சள் நாடா ஒட்டிய தட்டுகள் எப்போது பார்த்தாலும் திருவிழாக் கூட்டம்; அதுதான் வெறும் தண்ணீர். ஊதாவில் ஒவ்வொரு முறையும் தேறியதை எடுத்து எடுத்து வைத்து அந்த வம்சத்தைச் சாகவிடாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். தப்பு என்று தெரியும். ஆனால் காலையில் ஒருவரைக் கெஞ்சிக் கெஞ்சிக் கஞ்சி குடிக்கவைத்துவிட்டு வந்தவள், அதே கையால் இன்னொன்றைச் சாகட்டும் என்று விடுவது எப்படி?

---

அகப்பட்டது செவ்வாய்க்கிழமை. மைக்ராஸ்கோப்பில் தெரிவதைச் சுவரிலுள்ள திரையிலும் காட்டும் கேமராவை யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். தேன்மொழி குனிந்தபடியே ஊதா மூன்றின் புள்ளியைப் பார்த்தாள், பிறகு கம்பியை வேறு பக்கம் கொண்டுபோனாள்.

"அக்கா."

பின்னால் டாக்டர் ஷிரீன் நின்றிருந்தார். தேன்மொழியைவிட வயதில் இளையவர். ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, மானியத்துக்கு மனுப்போட்டு மனுப்போட்டே கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தவர். திரையில் புள்ளி ஒரு மூலையிலும் கம்பி இன்னொரு மூலையிலும் பெரிதாகத் தெரிந்தன. தேன்மொழி கம்பியைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா, டாக்டர். இந்த ஒரு லைன்ல மட்டும்தான். சத்தியமா மத்தது எதுலயும் தொடல."

ஷிரீன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கத்துவார் என்று தேன்மொழி காத்திருந்தாள். அவருக்கு அதற்கும் தெம்பு இல்லை போலிருந்தது. "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டார்.

"பாவமா இருந்துச்சு."

"அக்கா, நாம தேடறதே அந்தக் கெட்டதத்தான். நீங்க நல்லதா பார்த்துப் பார்த்து எடுத்தா கெட்டதெல்லாம் வடிகட்டிப் போயிடும். அப்புறம் நான் எதப் படிக்கிறது? இங்க நாம பாவம் பார்த்தா அது பொய் சொல்ற மாதிரிக்கா."

"தெரியும், டாக்டர்."

"அது மருந்து குடிச்சதுன்னு நெனச்சீங்களா?"

தேன்மொழி தலையசைத்தாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. எதற்கு அழுகிறோம் என்பதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஷிரீனுக்கு மகேஸ்வரனின் நோய் தெரியும். என்ன வேலை பார்த்தார் என்றும் தெரியும். அவர் எழுந்து கேமராவை அணைத்தார். ஊதா மூன்றைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும், நடந்ததை அறிக்கையிலும் சொல்ல வேண்டும் என்றார். "மத்ததுக்கு நீங்கதான் இருக்கணும். உங்க கை வேணும் எனக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவு வரை போனவர் திரும்பினார். "பழைய தலைமுறைப் புழுவெல்லாம் வெளியில அனுப்பியிருந்தோம்ல, மரபணு படிக்க. அதோட ரிசல்ட் இந்த வாரம் வந்துடும். அப்ப கலர் எதுக்கு எதுன்னு பார்த்துக்கலாம்."

ஊதா மூன்றின் தட்டை அன்றே கிருமி கொல்லும் கொதிகலத்துப் பைக்குள் போட வேண்டியிருந்தது. தேன்மொழிதான் போட்டாள்.

---

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஷிரீன் தன் வாப்பா கடையிலிருந்து கறிபாப் தபாவ் கட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மேசையில் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. கணினித் திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள், மரபணுவில் விழுந்த அடியை எண்ணிக் காட்டும் வண்ணக் கம்பங்கள். தேன்மொழிக்கு அதில் பாதி புரியாது. ஆனால் குட்டைக் கம்பம் எது, நெட்டைக் கம்பம் எது என்று பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை.

"ஊதா, தண்ணி" என்றார் ஷிரீன்.

தேன்மொழிக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. "என்னா டாக்டர்?"

"ஊதா எல்லாமே வெறும் தண்ணிதான்க்கா. அந்த மூணுக்கு வந்தது தானா வந்தது. அதோட நேரம். மரபணுவுல ஒரு தப்பு விழக்கூடாத எடத்துல விழுந்துடுச்சு. அவ்வளவுதான், மொத்தமா ரொம்ப இல்ல பாருங்க." விரல் திரையில் நகர்ந்தது. "இதுதான் மருந்து. அதிக அளவு குடிச்சது."

அவர் விரல் நின்ற இடத்தில் நாடாவின் நிறம் மஞ்சள். அதற்கு மேலே கம்பங்கள் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நெட்டையாக நின்றன.

"மஞ்சளா?" தேன்மொழி திரைக்குக் கிட்டே குனிந்தாள். "அது நல்லா ஓடிக்கிட்டிருக்கே டாக்டர். எல்லாத்தையும் விட நல்லா இருக்கே!"

"வெளிய நல்லா இருக்கு. உள்ள பூரா அடி. தப்பான எடத்துல இன்னும் விழல, அதான் ஓடுது." ஷிரீன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அக்கா, இது புழு. இத வச்சு மனுஷனுக்கு இப்படித்தான்னு நான் எழுதமாட்டேன். உங்க வீட்டுக்காரருக்கு எதனால வந்துச்சுன்னு இது சொல்லாது. அவருக்கு ஸ்பிரேயும் இருக்கலாம், கருவாடும் இருக்கலாம், ஊதா மூணு மாதிரி சும்மாவும் வந்திருக்கலாம். அத யாராலயும் இப்ப சொல்ல முடியாது."

"சரி டாக்டர்" என்றாள் தேன்மொழி. அவள் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது வீட்டுக்காரரை இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். கருவாடு என்ற பழி கழியும் என்று இத்தனை நாள் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. அது கழியவில்லை. கழியாவிட்டால் போகட்டும், மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். கண்ணுக்குள் மஞ்சள் தட்டுகள்தான் வந்தன. எத்தனை முறை அவற்றைப் பார்த்து, 'உங்களுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறீர்கள்' என்று சொல்லியிருக்கிறாள்!

வாசலில் குணாளனின் காடி நின்றது. வேலை முடிந்து நேராக வந்திருந்தான். சட்டையில் வார்னிஷ் பொட்டுகள் காய்ந்திருந்தன. திங்கட்கிழமை தவுக்கேயிடம் சரியென்று சொல்லப் போகிறான். அதற்கு முன் அண்ணனோடு ஒரு வாய் சாப்பிடலாம் என்று வந்தானாம். மேசையில் ஓத்தாக்-ஓத்தாக் பிரித்தபடி. பக்கத்தில் அவனே அரைத்த சம்பல்.

"வாங்க அண்ணி. புழு பாஸா ஃபெயிலா?"

தேன்மொழி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிருந்தது. "மண்டோர் வேலைய எடுக்காத குணா" என்றாள். "அந்த ரூம்லேர்ந்து வெளிய வா."

"என்னாச்சு?"

"நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சே, அதுதான் மருந்து குடிச்சது. நான் செத்துக்கிட்டிருந்ததுதான்னு நெனச்சேன். அது வெறும் தண்ணி. நல்லா இருந்தது பூரா உள்ள அடி. வெளியில ஒண்ணுமே தெரியல." அவள் அவனுக்கு எதிரே வந்து நின்றாள். "நீ நல்லா இருக்கிறத வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது குணா. ஒண்ணுமே."

"தேனு" என்றார் மகேஸ்வரன். "போதும்."

"என்னா போதும்? இத்தன நாளு சும்மாதானே இருந்தேன்!"

"புழுவ வச்சு மனுஷன பயமுறுத்தாத. சாப்பிடற நேரத்துல."

குணாளன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எப்போதும்போலச் சிரித்தான். "சரி சரி, சண்ட போடாதீங்க. அண்ணி, புழுவுக்கு என்னைய மாதிரி பாடி இருக்கா? இல்லல? விடுங்க லா." ஒரு ஓத்தாக்கைச் சம்பலில் நன்றாகத் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டான். காரம் சுள்ளென்று ஏறிவிட்டது. கண்ணில் நீர், மூக்கில் நீர். "அம்மாடி!" என்று சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து டிஷ்யூ ஒன்றை உருவி மூக்கை உறிஞ்சிச் சிந்தினான். கசக்கித் தட்டோரம் போட்டான்.

மகேஸ்வரன் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் வைத்திருந்த ஓலைப்பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"அத இங்க குடு."

"எத அண்ணே?"

"அந்த டிஷ்யூவ."

"ஐயே, அழுக்கு அண்ணே அது."

மகேஸ்வரன் எட்டித் தானே எடுத்தார். சூம்பிப்போன விரல்களால் மடிப்பு மடிப்பாக நீவி மேசைமேல் விரித்தார். வெள்ளைக் காகிதத்தின் நடுவே பழுப்பு நிறத்தில் திட்டாகப் பரவியிருந்தது. தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் யாரோ வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கி என்னா கலர் அடிச்சீங்க?" என்று கேட்டார் மகேஸ்வரன்.

குணாளன் பழைய வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கப்போனான். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"வால்நட்" என்றான்.

மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. காகிதம் ஓரம் படபடத்து எழும்பப் பார்த்தது. மகேஸ்வரன் ஒரு விரலை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.